டண்டிஷ் லைனிங் கசடு மட்டத்தில் அரித்துவிடுகிறது: அவசர உதவி தேவை

தேவகோட்டையான், புதன் இரவு 11.52

அனைவருக்கும் வணக்கம். எங்கள் உருக்காலையில் டண்டிஷின் (லேடில் என்ற வாளியிலிருந்து வரும் உருகிய உருக்கைப் பெற்று வார்ப்பு அச்சுகளுக்கு அனுப்பும் தொட்டி) உள் லைனிங் (வெப்பம் தாங்கும் உட்பூச்சு) நான்காவது ஹீட் (ஓர் உலை அளவு உருக்கு) முடிவதற்குள் மேல்பக்கமாக, கசடு மிதக்கும் மட்டத்தில், அரித்துப் போய்விடுகிறது. நேற்று ஷெல்லில், அதாவது வெளிப்புற இரும்புத் தகட்டில், ஓர் இடம் சிவந்துவிட்டது. சப்ளையரை மாற்றியும் பயனில்லை. வார்ப்பு முடிந்தபின் உள்ளே உறைந்துபோகும் ஸ்கல்லைக் கவிழ்த்துத் தள்ளும்போது பின்னாலிருக்கும் நிரந்தர லைனிங்கும் பெயர்ந்துகொண்டு வருகிறது. வெள்ளிக்கிழமை முதல் இடைவிடாமல் ஓட்ட வேண்டும். உள் லைனிங்குக்கு எந்த மாஸ் (மக்னீசியாக் கலவைப் பொடி) நல்லது என்று தெரிந்தவர்கள் உடனே சொல்லுங்கள்.

குன்றக்குடியான், வியாழன் காலை 5.40

தம்பி, மாஸின் பெயரைச் சொல்வதற்கு முன்னால் சில விவரங்கள் வேண்டும். நீங்கள் பயன்படுத்துவது தண்ணீர் கலந்து அடிக்கும் ஸ்பிரே மாஸா, அல்லது ஃபார்மரை (உள் அச்சு) இறக்கி இடைவெளியில் கொட்டிச் சூட்டில் கெட்டியாக்கும் டிரை மாஸா? கசடு மட்டத்தில் அதன் கனம் எத்தனை மில்லிமீட்டர்? உருக்குவது ஆர்க் உலையிலா, இண்டக்‌ஷன் உலையிலா? அரிப்பு சுற்றிலும் ஒரே பட்டையாக ஓடுகிறதா, லேடிலின் தாரை விழும் இடத்தில் மட்டும் இருக்கிறதா? உருக்கின் மேல் எதைத் தூவுகிறீர்கள்? நாடி பார்க்காமல் மருந்து எழுத என்னால் இயலாது.

கோட்டையூரான், காலை 6.15

விவரமே தேவையில்லை, ஈரம்தான் காரணம். மாஸின் முதன்மைப் பொருளான மக்னீசியா (மக்னீசியம் ஆக்சைடு) நீரோடு சேர்ந்தால் ஹைட்ராக்சைடாக மாறும். அப்படி மாறும்போது அதன் கன அளவு இரு மடங்கைத் தாண்டிவிடும். சரியாக உலர்த்தாத லைனிங் உள்ளுக்குள்ளேயே பொருமி வெடிப்பு விட்டு, அந்த வெடிப்பின் வழியே உருக்கு ஊடுருவி, ஷெல் வரை சூட்டைக் கொண்டுபோகும். பில்லட்டை (வார்த்தெடுக்கும் சதுரக் கட்டி) வெட்டிப் பாருங்கள். தோலுக்கடியில் ஊசித்துளைகள் இருந்தால் ஹைட்ரஜன் ஏறியிருக்கிறது என்று பொருள். ஐப்பசி மழையில் மூட்டைகளைத் தரையோடு அடுக்கி வைத்துவிட்டு மாஸின் மேல் பழி போடுவதை நான் நிறையப் பார்த்திருக்கிறேன்.

உருக்குப் பெரியவர், காலை 7.02

இந்தக் குழுவில் கேள்வி கேட்பவர்கள் முதலில் கேள்வி கேட்கக் கற்றுக்கொண்டால் நன்றாக இருக்கும். டண்டிஷ் என்று எழுதிவிட்டால் போதுமா? எத்தனை டன், எத்தனை ஸ்ட்ராண்ட் (ஒரே நேரத்தில் வார்க்கும் வரிசைகள்), உள்ளே அணை வைத்திருக்கிறீர்களா, லேடிலிலிருந்து ஷ்ரவுட் (காற்றுப் படாமல் காக்கும் குழாய்) வழியாக வருகிறதா, திறந்த தாரையா? இவையெல்லாம் பயிற்சியாளனாகச் சேர்ந்த முதல் மாதத்திலேயே தெரிந்திருக்க வேண்டியவை. நான் பணியாற்றிய ஆலையில் ஸ்லாப் (அகன்ற பலகைக் கட்டி) வார்க்கும் டண்டிஷ்கள் பத்துக்கு மேற்பட்ட ஹீட்டுகளை எளிதாகத் தாங்கின. காரணம் எளியது: 97 விழுக்காடு மக்னீசியா உள்ள சரக்கை மட்டுமே வாங்கினோம். விலை குறைவு என்று சேலத்து மாக்னசைட்டை (மக்னீசியா எடுக்கும் தாது) வாங்கினால் அதிலுள்ள சிலிக்கா இப்படித்தான் வேலையைக் காட்டும்.

பள்ளத்தூரான், காலை 7.30

எல்லோரும் மாஸைப் பற்றிப் பேசுகிறீர்கள். ஷெல் சிவந்தது என்று அவர் எழுதியிருப்பதை யாரும் கவனித்ததாகத் தெரியவில்லை. தம்பி, சிவந்த இடத்தில் என்ன செய்தீர்கள்? பல இடங்களில் காற்றுக்குழாயை நீட்டிக் குளிர வைத்து அந்த ஹீட்டை ஓட்டி முடித்துவிடுகிறார்கள். சில இடங்களில் தண்ணீர் பீய்ச்சவும் செய்கிறார்கள். தகடு ஓட்டையானால் அந்தத் தண்ணீர் உருகிய இரும்புக்கு அடியில் சிக்கி ஒரே கணத்தில் நீராவியாகி வெடிக்கும். ஷெல் சிவந்தால் லேடிலை மூடி, ஆட்களை விலக்கி, டண்டிஷை அவசரத் தொட்டியின் மேல் நகர்த்துவது ஒன்றே சரியான வழி.

தேவகோட்டையான், காலை 9.10

வார்ப்பை உடனே நிறுத்திவிட்டோம் அண்ணன், யாருக்கும் காயமில்லை. டிரை மாஸ்தான் போடுகிறோம். பக்கச் சுவரில் 40 மில்லிமீட்டர். இரண்டு ஸ்ட்ராண்ட் பில்லட் காஸ்டர், திறந்த தாரை. டி.எம்.டி. கம்பிக்கான சரக்கு. அரிப்பு சுற்றிலும் ஒரே பட்டையாக, ஒரு சாண் அகலத்துக்கு இருக்கிறது. அதற்குக் கீழே லைனிங் புதிதுபோல் நிற்கிறது. மேலே வழக்கமான பொடியைத்தான் தூவுகிறோம்.

குன்றக்குடியான், காலை 9.25

வழக்கமான பொடி என்பது எது? உலை எந்த வகை என்பதையும் நீங்கள் இன்னும் சொல்லவில்லை.

கோட்டையூரான், காலை 9.40

டிரை மாஸிலும் ஈரம் உண்டு. ரெசின் கலந்திருந்தால் அது சிதையும்போதும் ஹைட்ரஜன் வரும். ஃபார்மரை எத்தனை டிகிரி வரை சூடாக்குகிறார்கள் என்று கேளுங்கள்.

தேவகோட்டையான், காலை 11.48

இண்டக்‌ஷன் உலை. ஸ்பாஞ்ச் அயர்ன் (தாதுவை உருக்காமலே குறைத்தெடுத்த இரும்பு) பாதிக்கு மேல் போடுகிறோம். பொடி என்பது உமிச்சாம்பல்தான், எல்லோரும் அதைத்தானே போடுகிறார்கள்? ஷிப்டுக்குப் போகிறேன், இரவு பார்க்கிறேன்.

குன்றக்குடியான், பகல் 12.30

இப்போது படம் தெளிவாகிறது. கோட்டையூர் அண்ணனின் ஈரக் கோட்பாட்டை நான் மதிக்கிறேன்; ஸ்பிரே மாஸாக இருந்து, லைனிங் முழுவதும் வெடிப்பு விட்டிருந்தால் நானும் அங்கிருந்துதான் தொடங்குவேன். ஆனால் ஈரத்தால் வரும் சேதம் ஒரு சாண் அகலப் பட்டைக்குள் நின்றுவிடாது. கீழே உருக்கோடு மட்டும் உறவாடும் பகுதி புதிதுபோல் இருக்கிறது என்றால், லைனிங்கைத் தின்பது உருக்கு அன்று, அதன் மேல் மிதப்பது.

இண்டக்‌ஷன் உலையின் லைனிங் பெரும்பாலும் இடித்துக் கெட்டியாக்கும் சிலிக்கா ரேமிங் மாஸ் என்பதால் அதில் சுண்ணாம்புக் கசடை வளர்க்க முடியாது. ஸ்பாஞ்ச் அயர்னோடு வரும் குறைக்கப்படாத இரும்பு ஆக்சைடும், அதன் மண்பகுதியிலுள்ள சிலிக்காவும், மாங்கனீசு ஆக்சைடும் சேர்ந்து காரத்தன்மை மிகக் குறைந்த, தண்ணீர்போல் ஓடும் கசடாகி, லேடில் வழியாக டண்டிஷுக்குள் இறங்குகின்றன. அதன் மேல் நீங்கள் தொண்ணூறு விழுக்காட்டை ஒட்டிச் சிலிக்கா உள்ள உமிச்சாம்பலைக் கொட்டுகிறீர்கள். மக்னீசியா தனியாக இருந்தால் 2800 டிகிரி வரை உருகாது. கொஞ்சம் சிலிக்காவோடு கூடி ஃபார்ஸ்டெரைட் ஆனாலும் 1890 டிகிரி வரை தாங்கும். சிலிக்கா மேலும் மேலும் வந்து சேர்ந்து என்ஸ்டடைட் உருவாகும் நிலை வந்தால் 1557 டிகிரியிலேயே உருகத் தொடங்கும். இரும்பும் மாங்கனீசும் கலந்தால் அதற்கும் கீழே. உங்கள் டண்டிஷில் உருக்கின் வெப்பம் 1550ஐ ஒட்டித்தானே இருக்கும்? சிலிக்கா மிகுந்த கசடு, நிறைவடையும் வரை சுவரிலிருந்து மக்னீசியாவைக் கரைத்து எடுத்துக்கொண்டே இருக்கும். ஒவ்வொரு லேடிலும் புதுக் கசடைக் கொண்டுவருவதால் அந்த நிறைவு வருவதே இல்லை. சப்ளையரை மாற்றியும் பயனில்லாமல் போனதற்கு இதுவே விளக்கம்.

பெரியவர் ஐயாவுக்கு ஒரு சொல். நான் சேலத்தில் ரிஃப்ராக்டரி (வெப்பம் தாங்கும் பொருள்) தொழிலில் இருப்பவன். சேலத்து மாக்னசைட்டில் சிலிக்கா கூடுதல் என்பது உண்மை. ஆனால் அந்தத் தாது கிடைக்கும் அதே சுண்ணாம்புக் கரட்டில் (சேலத்துக் குன்று) கிடைக்கும் டுனைட், அதாவது மக்னீசியச் சிலிக்கேட் பாறை, டண்டிஷ் மாஸ்களில் வேண்டுமென்றே கலக்கப்படுகிறது, ஏனென்றால் அது சூட்டைக் குறைவாகக் கடத்தும், விலையும் குறைவு. சில மணி நேரம் ஓடியபின் உடைத்து எறியப்போகும் லைனிங்குக்கு 97 விழுக்காட்டுச் சரக்கு எல்லா இடத்திலும் தேவையில்லை. கசடு மட்டத்தில் மட்டும் உயர்ந்த சரக்கையும் கூடுதல் கனத்தையும் வைப்பது அறிவுடைமை.

புதுவயல் அரிசி ஆலை, பகல் 1.15

நான் உருக்குத் துறையைச் சேர்ந்தவன் அல்லன்; ஆனால் எங்கள் ஊர் ஆலைகளின் கொதிகலன்களில் நாள்தோறும் எரியும் உமியின் சாம்பலை லாரி லாரியாக வாங்கிப்போவது உங்களைப் போன்ற ஆலைகள்தான் என்பதால் சொல்கிறேன். இத்தனை ஆண்டுகளாக எல்லோரும் போட்டுவரும் பொருளை ஒரே பதிவில் குற்றவாளி ஆக்கிவிட்டீர்களே! உமிச்சாம்பல் மூடாவிட்டால் உருக்கின் மேற்பரப்பு காற்றில் உறைந்துவிடும் என்று வாங்க வருபவர்களே எங்களிடம் சொல்லியிருக்கிறார்கள்.

குன்றக்குடியான், பகல் 1.50

அண்ணன், சூட்டைத் தாங்கி நிறுத்துவதில் அந்த விலைக்கு உமிச்சாம்பலுக்கு இணை கிடையாது. அதை விடச் சொல்லவில்லை. அது உருகிய கசடோடு நேரடியாகக் கலக்காமல் இருந்தால் போதும். அடியில் கால்சியம் அலுமினேட் வகைக் காரப் பொடி ஒரு படலமாக உருகி நிற்க, அதன் மேல் சாம்பலை மெல்லிய உலர்ந்த போர்வையாக இடும் இரட்டை அடுக்கு முறை உலகெங்கும் உள்ளது. மேற்பரப்பு கருஞ்சிவப்பாகத் தெரிந்தவுடன் மூட்டையைப் பிரித்துக் கொட்டும் பழக்கத்தைத்தான் நிறுத்த வேண்டும். சாம்பல் மழையில் நனைந்திருக்கவும் கூடாது. கோட்டையூர் அண்ணனின் ஹைட்ரஜன் அந்த வழியாகவும் வரும்.

பள்ளத்தூரான், மாலை 4.05

லேடில்களின் கசடு மட்டத்தில் மக்னீசியா கார்பன் கல் வைப்பதுபோல, டண்டிஷ் மாஸிலும் அந்தப் பட்டைக்கு மட்டும் ஐந்து விழுக்காடு கிராஃபைட் ஏன் கலக்கக் கூடாது? கிராஃபைட்டைக் கசடு நனைக்காது, ஆகையால் ஊடுருவ முடியாது. அதற்காக எங்கும் அலைய வேண்டியதில்லை. நம் சிவகங்கையில் தமிழ்நாடு கனிம நிறுவனம் வெட்டியெடுத்துச் சுத்திகரிப்பது தகடு வகைக் கிராஃபைட்தான். ரிஃப்ராக்டரிக்கு வேண்டியது அதுவே. நம் மண்ணின் பொருளை நாமே பயன்படுத்தாமல் சீனத்துக் கப்பலை எதிர்பார்த்து நிற்கிறோம்.

உருக்குப் பெரியவர், மாலை 4.40

சிவகங்கைத் தாதுவில் நிலைத்த கரிமம் சராசரியாக 14 விழுக்காடு அளவில்தான் உள்ளது; சுத்திகரித்தபின் வருவதையே கிராஃபைட் என்று பேச வேண்டும். அது ஒருபுறம் இருக்கட்டும். டண்டிஷை முன்சூடாக்கும்போது பர்னர் 1000 டிகிரியைத் தாண்டுகிறது. கிராஃபைட் காற்றில் 600 டிகிரிக்கு மேல் எரியத் தொடங்கும். வார்ப்புத் தொடங்கும்போது உங்கள் ஐந்து விழுக்காட்டின் இடத்தில் துளைகள்தான் இருக்கும்.

பள்ளத்தூரான், மாலை 5.05

ஐயா, டிரை மாஸைக் குளிர்ந்த நிலையிலேயே தொடங்குகிற ஆலைகள் பல உண்டு. அங்கே பர்னரே கிடையாது. டண்டிஷின் அடிவாயை மூடித் திறக்கும் ஸ்டாப்பரும் உருக்குக்குள் மூழ்கி நிற்கும் நாசிலும் அலுமினா கிராஃபைட்டால்தான் செய்யப்படுகின்றன. அவை எரிந்தா போகின்றன?

உருக்குப் பெரியவர், மாலை 5.20

அவற்றின் மேல் எரியாமல் காக்கும் கிளேஸ் பூச்சு இருப்பதால் எரிவதில்லை. இதைக்கூட நான் சொல்ல வேண்டியிருக்கிறது.

அழகப்பாபுரம், மாலை 6.10

இருவரும் ஒரு பகுதியைத் தொடவில்லை. கிராஃபைட் சூட்டை மிக நன்றாகக் கடத்தும். லேடிலில் கல்லுக்குப் பின்னால் கனமான பாதுகாப்பு லைனிங் இருப்பதால் சமாளிக்கலாம். 40 மில்லிமீட்டர் சுவரில் அதைக் கலந்தால் ஏற்கெனவே சிவக்கும் ஷெல் மேலும் சூடேறும். ஒரு சீக்வென்ஸ் (இடைவிடாமல் ஓட்டும் ஹீட் வரிசை) முடிந்ததும் குப்பைக்குப் போகும் மாஸில் அதைப் போடுவது பணத்துக்கும் கேடு. சிவகங்கைக் கிராஃபைட்டின் பெருமை மக்னீசியா கார்பன் கல்லில் விளங்கட்டும்.

அவர் கேட்ட இரண்டாவது சிக்கலுக்கு யாரும் விடை சொல்லவில்லை. நிரந்தர லைனிங் உயர் அலுமினா காஸ்டபிளாக (வெப்பம் தாங்கும் காங்கிரீட்) இருக்கும் என்று கொள்கிறேன். மேலடுக்கு அரித்து மெலிந்த பட்டையில் இரும்பு ஆக்சைடு மிகுந்த கசடு காஸ்டபிளைத் தொட்டு அதோடு வேதிவினை புரிந்து ஒட்டிக்கொள்கிறது. குளிர்ந்தபின் இரண்டும் ஒரே கட்டியாகிவிடுவதால் கவிழ்க்கும்போது ஒன்று மற்றொன்றை இழுத்துவருகிறது. பெயர்ந்த துண்டின் முறிவுப் பரப்பைப் பார்க்க வேண்டும். கசடு மட்டத்தில் மட்டும் கறுத்துக் கண்ணாடிபோல் இருந்தால் நான் சொன்னது சரி. கீழேயும் பெயர்ந்திருந்து, வெடிப்புக்குள் இரும்புத் தகடு புகுந்திருந்தால் காஸ்டபிளின் வெடிப்புகளை அடைக்காமலேயே அடுத்த லைனிங் போடுகிறார்கள் என்று பொருள். தம்பி ஒரு படம் இட்டால் நல்லது.

குன்றக்குடியான், இரவு 8.20

வெள்ளிக்கிழமைக்குள் புதிய மாஸ் வந்து சேராது என்பதால், கையிலிருப்பதைக் கொண்டு செய்யக்கூடியதைச் சொல்கிறேன். லேடிலைக் கடைசிச் சொட்டு வரை வடிக்காதீர்கள். கசடு சுழித்து இறங்கத் தொடங்குவதற்கு முன்பே லேடிலின் கேட்டை (அடிவாய்க் கதவு) மூடி, மிச்சத்தை உலைக்கே திருப்புங்கள். அந்த மிச்சத்தின் இழப்பைக் கணக்குக்காரர்கள் பெரிதாகப் பேசுவார்கள். ஒரு டண்டிஷ் ஓட்டையானால் ஆகும் செலவை அவர்களிடம் எழுதிக்காட்டுங்கள். டண்டிஷில் உருக்கின் மட்டத்தை ஒரே கோட்டில் நிறுத்தாமல், நாசிலின் வேகத்துக்கு இடையூறு வராத அளவில் ஹீட்டுக்கு ஹீட் சற்று ஏற்றி இறக்கினால் அரிப்பு அகன்ற பரப்பில் பங்கிடப்படும். ஃபார்மரின் மேல்பகுதி இடம் கொடுத்தால் அந்தப் பட்டையில் கனத்தை 55, 60 மில்லிமீட்டராக்குங்கள். வழிந்தோடும் வாய் இருந்தால் நடுவில் ஒருமுறை மட்டத்தை உயர்த்திப் பழைய கசடை வெளியேற்றிவிடுங்கள்.

உருக்குப் பெரியவர், இரவு 9.00

இவ்வளவையும் செய்துவிட்டுக் கசடின் பகுப்பாய்வை எடுக்காமல் விட்டால் அடுத்த மாதம் இதே கேள்வியோடு வருவார். இரும்பு ஆக்சைடு, மாங்கனீசு ஆக்சைடு, சிலிக்கா, மக்னீசியா ஆகிய நான்கையும் முதல் ஹீட்டின் முடிவிலும் கடைசி ஹீட்டின் முடிவிலும் எடுத்து ஒப்பிட வேண்டும். மக்னீசியா எவ்வளவு ஏறியிருக்கிறதோ அவ்வளவும் சுவரிலிருந்து போனது.

குன்றக்குடியான், இரவு 9.12

இந்த ஒரு பதிவுக்காக ஐயாவின் மற்றவற்றைப் பொறுத்துக்கொள்ளலாம்.

கோட்டையூரான், இரவு 9.30

ஃபார்மர் சூட்டைப் பற்றி நான் கேட்டதற்கு இன்னும் விடை வரவில்லை.

தேவகோட்டையான், திங்கள் காலை 6.35

மன்னிக்கவும், இடையில் வர முடியவில்லை. லேடிலை முன்கூட்டி மூடுகிறோம், சாம்பலைக் குறைத்துவிட்டோம், மேல்பட்டையில் கனம் கூட்டியிருக்கிறோம். ஐந்து ஹீட் ஓடியது, ஷெல் சிவக்கவில்லை. பட்டையில் அரிப்பு இருக்கிறது, முன்பு அளவு இல்லை. காரப் பொடிக்குக் கொட்டேஷன் கேட்டிருக்கிறேன். நிரந்தர லைனிங் இன்னும் பெயர்கிறது. அனைவருக்கும் நன்றி.

அழகப்பாபுரம், திங்கள் காலை 8.10

மகிழ்ச்சி. பெயர்ந்த துண்டின் முறிவுப் பரப்பு எப்படி இருக்கிறது, கசடு மட்டத்தில் மட்டுமா, கீழேயுமா? படம் இன்னும் வரவில்லை.

உருக்குப் பெரியவர், புதன் மாலை 5.15

பகுப்பாய்வும் வரவில்லை.