டிரம்மர் இல்லாமல் ஸ்மாஷிங் பம்ப்கின்ஸ்: எந்தக் காலத்துப் பாட்டை எடுப்பது?

மண்டபம்_ஃபஸ்:

வணக்கம் அண்ணன்மாரே. அமெரிக்க ராக் பேண்டான ஸ்மாஷிங் பம்ப்கின்ஸின் பாட்டு மட்டும் வைத்து 45 நிமிஷ நிகழ்ச்சி. மண்டபம் ஊர்ப் பக்கம், கடலை ஒட்டித் திறந்த மேடை. மைக் செட்டு, ஜெனரேட்டர் எல்லாம் உள்ளூர் சவுண்டு சர்வீஸ். கையில் இருப்பது இரண்டு கிட்டார், ஒரு பேஸ். கிட்டார்காரர்களில் ஒருவரே பாடுவார். டிரம்மர் சவூதிக்குக் கிளம்புகிறார், பதில் ஆள் கிடைக்கவில்லை. அந்த பேண்டே டிரம்மர் இல்லாமல் ஓட்டிய காலம் உண்டு என்கிறார்கள். எந்த வருஷம் யார் இருந்தார்கள், எந்தக் காலத்துப் பாட்டு எங்களுக்கு ஒத்துவரும், டிரம்ஸை முன்பே பதிவுசெய்த ட்ராக்கில் ஓட்டினால் எங்கே சொதப்பும்? "பழைய நாலு பேர் இல்லாவிட்டால் அது பம்ப்கின்ஸே இல்லை" என்ற சண்டை மட்டும் வேண்டாம்.

பாக்_நீரிணை:

தம்பி, இந்த பேண்டில் ஆள் மாறிய கணக்கை டிரம்ஸ் பக்கம் இருந்து பாருங்கள், அப்போதுதான் உங்களுக்கு உதவும். கிட்டாரும் பேஸும் மேடையில் யார் தோளில் தொங்கினாலும், 1993-ல் வந்த சயாமீஸ் ட்ரீம் ஆல்பத்தில் அவை ஏறக்குறைய எல்லாவற்றையும் வாசித்தது பாடகர் பில்லி கார்கன்தான். கிட்டார் ஜேம்ஸ் இஹா, பேஸ் டார்சி ரெட்ஸ்கி இருவருக்கும் அந்த ரெக்கார்டிங்கில் பங்கு குறைவு. டிரம்ஸ் முழுக்க ஜிம்மி சேம்பர்லின். அதனால் டார்சி விலகியபோது ரசிகர்கள்தான் வருத்தப்பட்டார்கள், ஓசை பெரிதாக மாறவில்லை. சேம்பர்லின் போன ஒவ்வொரு முறையும் பேண்டின் முகமே மாறியது.

1988-ல் சிகாகோவில் கார்கனும் இஹாவும் டிரம் மெஷினோடுதான் தொடங்கினார்கள். டார்சி சேர்ந்த பிறகும் மெஷின்தான். மெட்ரோ அரங்கை நடத்திய ஜோ ஷனஹான் நிஜ டிரம்மர் வேண்டும் என்று சொன்ன பிறகே, ஜாஸ் பழகிய சேம்பர்லின் உள்ளே வந்தார். கிஷ் (1991), சயாமீஸ் ட்ரீம், இரண்டு டிஸ்க்கில் 28 பாட்டு கொண்ட மெலன் காலி (1995) ஆகிய மூன்றும் அந்த நால்வர் காலம்.

1996 ஜூலையில் நியூயார்க்கில், சுற்றுப்பயணத்தில் கீபோர்டு வாசித்த ஜோனதன் மெல்வாயின் ஹெராயினால் இறந்தார். உடனிருந்த சேம்பர்லினை நீக்கினார்கள். மிச்சப் பயணத்துக்கு ஃபில்டர் பேண்டிலிருந்து மேட் வாக்கர் வந்து வாசித்தார். அடுத்து 1998-ல் வந்த அடோர் ஆல்பம்தான் உங்களுக்கு வேண்டிய இடம். நிரந்தர டிரம்மர் கிடையாது. டிரம் மெஷினும், திரும்பத் திரும்ப ஓடும் தாளத் துண்டான லூப்பும்தான் முதுகெலும்பு. அவற்றின் மேல் மேட் வாக்கர், ஜோயி வாரோங்கர், ஒரு பாட்டில் மட்டும் சவுண்ட்கார்டன் மேட் கேமரன். ஆனால் ஒன்றைக் கவனியுங்கள்: அதே ஆல்பத்தை மேடைக்குக் கொண்டுபோகும்போது கென்னி அரனாஃப் டிரம்ஸில், கூடவே இரண்டு பெர்கஷன்காரர்கள். மெஷின் பாட்டைத் திறந்த வெளியில் நிறுத்த அவர்களுக்கே மூன்று தாளக்காரர் தேவைப்பட்டிருக்கிறார்கள்.

பிறகு நடந்ததைச் சுருக்கமாகச் சொல்கிறேன், உங்கள் பாட்டு வரிசைக்கு அது அவ்வளவு முக்கியமில்லை. 1999-ல் சேம்பர்லின் திரும்பினார், அதே செப்டம்பரில் டார்சி விலகினார், ஹோல் பேண்டின் மெலிசா ஆஃப் டெர் மௌர் பேஸுக்கு வந்தார். 2000 டிசம்பர் 2 அன்று அதே மெட்ரோவில் நாலு மணி நேரத்துக்கு மேல் வாசித்துவிட்டுக் கலைந்தார்கள். 2007-ன் ஸைட்கைஸ்டில் கார்கனும் சேம்பர்லினும் மட்டுமே. மேடைக்கு ஜெஃப் ஷ்ரோடர் கிட்டார். 2009-ல் சேம்பர்லின் மறுபடி போக, 19 வயது மைக் பெர்ன் வந்தார். 2012-ன் ஓஷியானியாவில் அவரும் பேஸில் நிக்கோல் ஃபியோரெண்டினோவும். 2014 ஆல்பத்தில் டிரம்ஸ் வாசித்தது மாட்லி க்ரூவின் டாமி லீ, அந்தத் தேர்வு எனக்கு இன்றுவரை பிடிபடவில்லை. 2015-ல் சேம்பர்லின், 2018-ல் இஹா திரும்பினார்கள். 2023-ல் ஷ்ரோடர் விலகினார், 2024-ல் கிகி வாங் மேடைக் கிட்டாருக்கு வந்தார்.

உங்களுக்கு இப்படிப் பிரிக்கலாம். ட்ராக்கில் ஓட்டத் தோதானவை: அடோர் பாட்டுகள், லூப்பும் சாம்பிளும் வைத்துக் கட்டிய '1979' என்ற பாட்டு. டிரம் செட்டே தேவைப்படாதது: டிஸ்ஆர்ம். அதில் அக்கூஸ்டிக் கிட்டார், ஸ்ட்ரிங்ஸ், டிம்பானி, மணி, அவ்வளவுதான். தொடவே கூடாதவை: செரப் ராக், கீக் யுஎஸ்ஏ வகை. அவற்றில் ஸ்னேர் உருட்டல்தான் பாட்டைத் தள்ளுகிறது. மெஷினில் அதை ஒரே அளவு அடியாகப் போட்டால் தட்டச்சு மிஷின் ஓசைதான் வரும்.

கீழக்கரை_பேடு:

பாக்_நீரிணை காக்கா சொன்ன வரலாறு சரி, முடிவில்தான் எனக்கு உடன்பாடில்லை. ராம்நாடு, பரமக்குடி வட்டாரத்தில் ராக் டிரம்மர் கிடைக்காமல் போகலாம், மெல்லிசைக் குழுவில் ஆக்டபேட் (குச்சியால் தட்டும் எலக்ட்ரானிக் தாளப் பேடு) வாசிப்பவர் கிடைக்காத ஊர் உண்டா? ட்ராக் ஓட்டுவதைவிட அவரைப் பிடியுங்கள். பாடகர் ஒரு வரியைத் தவறவிட்டால் ட்ராக் காத்திராது, பேடுகாரர் சுற்றி வந்து சேர்ந்துகொள்வார்.

நான்கு விஷயம் சொல்லி வையுங்கள். அவர் வழக்கமாக வைத்திருக்கும் கிட்டில் எக்கோவும் ரிவர்பும் ஏகமாக இருக்கும், இரண்டையும் முழுக்க மூடச் சொல்லுங்கள், ஃபஸ் (கரகரப்பான எஃபெக்ட்) போட்ட கிட்டாரோடு சேர்ந்தால் கூழாகிவிடும். வேகமாக உருட்டும்போது ஒரே பேடில் இரண்டு கையும் விழுந்தால் இரண்டாவது அடியை மெஷின் விழுங்கும். அதனால் கீழ் வரிசையில் பக்கத்துப் பக்கத்து இரண்டு பேடிலும் ஒரே ஸ்னேரை வைத்து, கைக்கு ஒன்றாகப் பிரித்து வாசிக்கட்டும். மூடிய ஹை-ஹாட், திறந்த ஹை-ஹாட் இரண்டையும் ஒரே மியூட் குரூப்பில் போடுங்கள், இல்லையென்றால் திறந்த ஓசை அடங்காமல் இழுத்துக்கொண்டே போகும். கிக்கைக் கையில் வைக்காதீர்கள், ட்ரிக்கர் பெடலைக் காலுக்குக் கொடுங்கள்.

அடியின் அழுத்தமும் முக்கியம். திருவிழா மேடைக்கு எப்படி அடித்தாலும் ஒரே சத்தம் வருகிற மாதிரி செட் செய்திருப்பார்கள். அதை அடிக்கேற்ற சத்தத்துக்கு மாற்றினால்தான் சேம்பர்லின் போடும் மெல்லிய இடையடிகள் கொஞ்சமாவது வரும்.

பாட்டைக் கற்றுத்தரும்போது வெர்ஸ், கோரஸ் என்று இழுக்காமல் பல்லவி, சரணம், பிஜிஎம் என்று தாளில் எழுதி, ஒவ்வொன்றும் எத்தனை பார் என்று பக்கத்தில் போட்டுக் கொடுங்கள். அவர்கள் பிடிக்கும் வேகம் வேறு மாதிரி இருக்கும்.

நாற்பது_ட்ராக்:

ஆள் விவகாரத்தை நீங்கள் பேசிக்கொள்ளுங்கள், நான் கிட்டாருக்கு வருகிறேன். சயாமீஸ் ட்ரீமின் சோமா பாட்டில் நாற்பது கிட்டார் வரை அடுக்கியிருக்கிறார்கள் என்பார்கள். இரண்டு பேர் அதை நகலெடுக்க முயன்றால் தோல்விதான். ஒருவர் ஃபஸ், மற்றவர் ஃபஸ் போடவே கூடாது. குறைந்த கெயின் ஓவர்டிரைவில் கோர்டை மேல் பொசிஷனில் பிடிக்கட்டும். இருவரும் ஃபஸ் போட்டால் சத்தம் அதிகமாகாது, கோர்டு கரைந்துவிடும்.

கார்கன் அப்போது வைத்திருந்தது ஆப்-ஆம்ப் வகை பிக் மஃப் ஃபஸ் பெடல், மார்ஷல் ஜேசிஎம் 800 ஆம்பில். எலக்ட்ரோ ஹார்மோனிக்ஸ் அதே சர்க்யூட்டைச் சின்னப் பெட்டியில் மறுபடி வெளியிட்டிருக்கிறது. எந்த மஃப் ஆனாலும் குணம் ஒன்று: நடு அலைவரிசை குழிந்திருக்கும். அறைக்குள் மலைபோலக் கேட்கும், திறந்த வெளியில் பேஸும் சிம்பலும் ஏறியதும் காணாமல் போகும். மஃபுக்கு அடுத்து ஒரு ஈக்யூ பெடல் வைத்து 800 ஹெர்ட்ஸைச் சுற்றி 4 முதல் 6 டெசிபல் ஏற்றுங்கள். சஸ்டெயினைப் பாதியில் நிறுத்துங்கள்.

ட்யூனிங்கில் இன்னொரு சிக்கல். மெலன் காலியில் பெரும்பாலான கிட்டார்கள் அரைச் சுருதி கீழே. சில பாட்டில் ஆறாம் கம்பி இன்னும் இறங்கி சி ஷார்ப். நடுவில் மாற்றி மாற்றிச் சுருதி சேர்த்தால் 45 நிமிஷத்தில் பத்து நிமிஷம் அதற்கே போகும். எல்லாப் பாட்டையும் அரைச் சுருதி கீழே வைத்துவிடுங்கள், பாடகர் தொண்டைக்கும் நல்லது. 10-46 தடிமன் கம்பி அப்போது தொளதொளக்கும், 11-49 போடுங்கள். மாற்றிய பிறகு நெக் வளைவையும் இன்டோனேஷனையும் சரிபாருங்கள். மிதக்கும் ட்ரெமலோ உள்ள கிட்டாரை இந்த நிகழ்ச்சிக்கு எடுக்காதீர்கள். ஒரு கம்பி அறுந்தால் மிச்ச ஐந்தும் சுருதி விலகும்.

மண்டபம்_ஃபஸ்:

நன்றி அண்ணன்மாரே. பேடுகாரர் ஒருவரிடம் பேசியிருக்கிறோம், ஆனால் 1979-க்கும் அடோர் பாட்டு இரண்டுக்கும் லூப் ட்ராக்கில் ஓட வேண்டும். போனிலிருந்து ஓட்டலாமா? கடற்கரை என்பதால் கரண்ட், உப்பு இதெல்லாம் எவ்வளவு தொந்தரவு?

எர்த்_பின்:

போன் போதும், கேபிள்தான் விஷயம். ஃபைலை இடது பக்கம் க்ளிக் (வேகம் காட்டும் 'டிக் டிக்' ஓசை), வலது பக்கம் லூப் என்று ஏற்றுமதி செய்யுங்கள். 3.5 மில்லிமீட்டரிலிருந்து இரண்டு மோனோவாகப் பிரியும் கேபிள் எடுத்து, வலதை டிஐ பெட்டி (சிக்னலை மிக்ஸருக்கு ஏற்றதாக மாற்றும் பெட்டி) வழியாக மிக்ஸருக்கும் இடதைச் சின்ன ஹெட்போன் ஆம்புக்கும் கொடுங்கள். க்ளிக் பேடுகாரர் காதுக்கு மட்டும். இரண்டு முனையிலும் வண்ண டேப் ஒட்டுங்கள். அவசரத்தில் மாற்றிச் செருகினால் 'டிக் டிக்' ஊருக்கே கேட்கும், அடிக்கடி நடப்பது இதுதான். போன் ஃப்ளைட் மோடில். தொடக்கத்தில் இரண்டு பார் எண்ணிக்கை. முடிவில் லூப் பாட்டோடு நின்றுவிடாமல் எட்டு பார் கூடுதலாக ஓடட்டும், பேடுகாரர் கையால் நிறுத்தலாம். 40 ஹெர்ட்ஸுக்குக் கீழே வெட்டிவிடுங்கள், இல்லையென்றால் சப்பாக்ஸ் உறுமும். அதே ஃபைல்கள் இன்னொரு போனிலும் இருக்கட்டும்.

கரண்டுதான் ஆபத்தான இடம். கிட்டார் ஆம்பு ஒரு லைனிலும் மிக்ஸர் வேறு லைனிலும் இருந்தால், கம்பியில் கை, மைக்கில் உதடு, நடுவில் நீங்கள், ஷாக் அடிக்கலாம். எல்லாவற்றையும் ஒரே ஜெனரேட்டரின் ஒரே ஃபேஸ் மின் லைனிலிருந்து எடுக்கச் சொல்லுங்கள். மல்டிமீட்டரை ஏசி வோல்டில் வைத்து ஒரு முனையைக் கிட்டார் கம்பியிலும் மறு முனையை மைக் கிரில்லிலும் தொடுங்கள். ஓரிரு வோல்ட் என்றால் பரவாயில்லை. பத்தைத் தாண்டினால் காரணம் தெரியும்வரை யாரும் மைக்கைத் தொடக் கூடாது. பெரும்பாலும் காரணம் எர்த் கம்பி காய்ந்த மேல் மணலில் சும்மா குத்தி நிற்பதுதான். அது கரண்டைக் கடத்தாது. ஈரமண் தட்டும்வரை ஆழமாக இறக்கி, சுற்றிலும் தண்ணீர் ஊற்றினால் அளவு இறங்கும். 'ஹம்' வருகிறது என்று ப்ளக்கின் எர்த் பின்னை எடுத்துவிடுவார்கள் சிலர். கூடவே கூடாது. ஹம்முக்கு டிஐ பெட்டியில் கிரவுண்ட் லிஃப்ட் ஸ்விட்ச் இருக்கிறது.

ஜெனரேட்டர் 230 வோல்டில் நிற்கிறதா என்று லைட், சப்பாக்ஸ் எல்லாம் போட்ட நிலையில் பாருங்கள். வெறுமனே ஓடும்போது சரியாகத்தான் காட்டும்.

உப்பைப் பொறுத்தவரை முதல் மூன்று கம்பியும் வெறும் எஃகு, துரு அங்கேதான் முதலில். கோட்டிங் உள்ள கம்பி வாங்குங்கள், வாசித்ததும் பருத்தித் துணியால் அடிப்பக்கமும் துடையுங்கள். ஜாக்குகளை ஐசோபுரோப்பைல் ஆல்கஹாலில் துடைத்துச் செருகுங்கள். ஏசி அறையிலிருந்து கிட்டாரை நேராக வெளியே எடுத்தால் பிக்கப்பிலும் ஜாக்கிலும் ஈரம் பூக்கும். பெட்டியை மூடியபடியே அரை மணி நேரம் வெளியில் வைத்துப் பிறகு திறங்கள்.

பாக்_நீரிணை:

ஒரு சேர்க்கை. கச்சான் காற்று மாதங்களில் என்றால் மேடையைக் காற்றுக்கு முதுகு காட்டி வையுங்கள், ஓசை கூட்டத்தை நோக்கிப் போகும். எதிர்க்காற்றில் சிம்பல், குரல் எல்லாம் மேலே தூக்கிக்கொண்டு போய்விடும். ஸ்பீக்கர் ஸ்டாண்டை மூன்று பக்கம் கயிறு கட்டி மணல்மூட்டை போடுங்கள். மைக் ஒவ்வொன்றுக்கும் ஸ்பாஞ்ச் உறை.

மண்டபம்_ஃபஸ்:

புரிந்தது அண்ணே. டிஸ்ஆர்ம் பாட்டில் டிம்பானியையும் மணியையும் பேடில் வைக்கலாமா?

கீழக்கரை_பேடு:

தாராளமாக. தனி கிட்டாக ஒன்று சேமிக்கச் சொல்லுங்கள். டிம்பானி பாட்டின் சுருதிக்குச் சேர வேண்டும், நீங்கள் அரைச் சுருதி இறக்கினால் அதையும் இறக்க வேண்டும். மறந்தால் முதல் அடியிலேயே பேஸோடு உரசும்.