மணல் தோப்பில் உரம் தங்கவில்லை, வழி சொல்லுங்கள்

வணக்கம் உறவுகளே. பேராவூரணிப் பக்கம் எங்கள் தென்னந்தோப்பு. 2018 கஜா புயலில் சாய்ந்த மரங்களுக்குப் பதிலாக வைத்த நெட்டைக் கன்றுகள் இப்போதுதான் பாளை விடுகின்றன. நிலம் முழுக்க மணல்.

வேளாண் பல்கலைக்கழகம் சொல்லும் கணக்கில்தான் போடுகிறேன்: மரத்துக்கு வருடம் 1.3 கிலோ யூரியா, 2 கிலோ சூப்பர் பாஸ்பேட், 2 கிலோ பொட்டாஷ், இரண்டு தவணையாக. ஆனாலும் அடிமட்டைகள் நுனியிலிருந்து மஞ்சளாகிக் காய்கின்றன, பொட்டாஷ் பற்றாக்குறை மாதிரி. யூரியாவிலிருந்து வரும் நைட்ரேட்டையும் மணல் பிடித்து வைக்காது. ஒரு கனமழை போதும், வேரைத் தாண்டிக் கீழே போய்விடும். காசு போவதைவிட, பக்கத்திலேயே நாங்கள் குடிக்கிற கிணறு இருப்பதுதான் பெரிய கவலை.

ஆடியில் வட்டப்பாத்தியில் பசுந்தாள் உரத்துக்காகத் தக்கைப்பூண்டு விதைத்து, பூக்கும்போது மண்ணிலேயே மடக்கிவிட்டேன். ஈரம் கொஞ்சம் நிற்கிறது.

அதே அளவு உரத்தை நான்கைந்து தவணையாகப் பிரித்தோ சொட்டுநீரில் கரைத்தோ கொடுத்தவர்கள் இருக்கிறீர்களா? மட்டை தேறியதா? ஈரம் காக்க உரிமட்டை (தேங்காய் உரித்த மட்டை) புதைத்தவர்கள் எவ்வளவு ஆழத்தில் அடுக்கினீர்கள்? அடுத்த தவணையை ஐப்பசி மழைக்கு முன்பே போடுவதா, மழை ஓய்ந்து மார்கழியில் போடுவதா? மணல் பூமிக்காரர்கள் செய்து பார்த்ததைச் சொல்லுங்கள், ரொம்ப உதவியாக இருக்கும்.