பிராண்டட் உடுப்பு, பேக் குறைஞ்ச விலைக்கு எடுத்து விக்கிற யாவாரம்: என்ட அனுபவம் இது, உங்கடயயும் சொல்லுங்க

எல்லாருக்கும் வணக்கம், அஸ்ஸலாமு அலைக்கும். நான் மட்டக்களப்பு, கல்லடிப் பக்கம். எப்பிடித் தொடங்கிற, எங்க எடுக்கிற எண்டு கனபேர் கேட்டுக்கொண்டே இருக்கிறீங்க, ஒவ்வொருத்தருக்கும் வொய்ஸ் போட்டுக் களைச்சுப் போனன், அதால எல்லாத்தையும் ஒரே இடத்தில எழுதுறன்.

நான் தொடங்கினது 2021 கடைசியில. சீட்டு விழுந்த காசு 80,000 ரூபா, அவ்வளவுதான் கையில. இராவு பஸ் ஏறினா விடியக்குள்ள புறக்கோட்டை, முகத்தக் கழுவி ஒரு பிளேன்டீய குடிச்சுப்போட்டு அங்க இருந்து மகரகம பமுணுவ உடுப்புச் சந்தை. முதல் தரம் 42 உருப்படி எடுத்தன், எல்லாம் பொம்புளப் புள்ளையள்ட டொப், கொஞ்சம் டெனிம். சித்திரை வருசத்துக்கு முதலே எல்லாம் முடிஞ்சுது.

எங்கட நாட்டில இந்த யாவாரத்துக்கு ஒரு பெரிய வசதி இருக்கு, அத முதல்ல விளங்கிக்கொள்ளுங்க. வெளிநாட்டுப் பெரிய பிராண்டுகள் கனக்க இஞ்சதான் தைக்குது. ஒரு ஓடருக்கு துணி வெட்டக்குள்ள பழுதாப் போறதுக்கெண்டு கொஞ்சம் கூட வெட்டுவாங்க, அதில மிஞ்சிறது, சின்னப் பிழையால ரிஜெக்ட் ஆகிறது, வாங்கிறவன் ஓடரக் கென்சல் பண்ணினது, இதெல்லாம் சேந்துதான் சேப்பிளஸ் எண்டு வெளிய வருது. 2020 கொரோனா நேரம் அப்பிடிக் கென்சல் ஆனது கொஞ்ச நஞ்சமில்ல. இந்த உடுப்புகள்ல கழுத்து லேபிள் நடுவால வெட்டியிருக்கும், இல்லாட்டி கறுப்பு மையால ஒரு கோடு அடிச்சிருக்கும். வாங்க வாறவங்க அதப் பாத்துட்டு "இது டெமேஜா தங்கச்சி" எண்டு கேப்பாங்க. இல்ல, பிராண்ட் பேரில விக்கக் கூடாதெண்டு கொம்பனி போட்ட நிபந்தனை அது. நான் ஒவ்வொருத்தருக்கும் லேபிளக் காட்டியே சொல்லுவன்.

இன்னொரு இடமும் பாருங்க. உள்ளுக்க விலாப் பக்கத் தையல்ல கழுவுற முறை எழுதின சின்ன லேபிள் இருக்கும். அமெரிக்காவுக்குப் போற சாமானெண்டா அதில கனதரம் ஆர்என் எண்டு போட்டு ஒரு நம்பர் இருக்கும், அந்த நாட்டு எப்டிசி எண்ட அரச நிறுவனம் கொம்பனிகளுக்குக் குடுக்கிற நம்பர் அது. நெட்டில போட்டா எந்தக் கொம்பனி எண்டு வரும். கொப்பி அடிக்கிறவனும் நம்பர் போடுவான்தான், ஆனா கனதரம் அது வேற எவன்டயோ நம்பரா இருக்கும்.

2022ல டொலர் 200ல இருந்து 360க்குப் போன நேரம் நான் யாவாரத்தையே விட்டிருப்பன். பெற்றோல் இல்ல, சைக்கிள்ல கல்லடிப் பாலம் தாண்டிப் போய் டவுனுக்குள்ள டெலிவரி குடுத்தன். சமாளிச்சம்.

நான் உண்மையா அடிபட்டது உடுப்பில இல்ல, பேக்கில. 2023ல கொழும்பில ஒராள் அறிமுகமாகி, அமெரிக்க அவுட்லெட் (பிராண்டுகள் விலை குறைச்சு விக்கிற கடை) ஸ்டொக், கோச் எண்ட அமெரிக்கப் பிராண்ட்ட ஒரிஜினல் பேக் எண்டு ஆறு தந்தார், ஒண்டு 9,500 படி. நானும் ஆசையில நம்பி எடுத்து 14,000க்குப் போட்டன், ஒரு கிழமைக்குள்ள நாலு போயிட்டு. அதில ரெண்டு ஒரு டீச்சர் எடுத்தவ, தோள்ல போடுற பெரிசு ஒண்டு, சின்னக் கைப்பை ஒண்டு. ஒரு நாள் பள்ளிக்கூடம் விட்டு நேர எங்கட வீட்ட வந்து, கதிரையில இருந்து, ரெண்டையும் மேசையில திறந்து வெச்சா. "மகள், கோவிச்சுக் கொள்ளாத, இத ஒருக்காப் பாரு" எண்டா. உள்ளுக்க தைச்சிருக்கிற தோல் துண்டில நம்பர் இருக்கும், கோட்டுக்குப் பிறகு வாறது அந்த மொடலுக்குரிய நம்பர். ரெண்டு வேற வேற மொடல், ரெண்டிலயும் ஒரே நம்பர்! கனடாவில இருக்கிற அவட தங்கச்சி போட்டோவப் பாத்துக் கண்டுபிடிச்சிருக்கா. எனக்கு கையெல்லாம் நடுங்கிப் போச்சு. அவ சத்தம் போட்டிருந்தாலும் தாங்கியிருப்பன், அவ்வளவு தன்மையாச் சொன்னதுதான் தாங்க ஏலாமப் போச்சு.

அண்டைக்கே அவட 28,000த்தையும் குடுத்தன், மற்ற ரெண்டு பேரையும் தேடிப் போய் அவங்கட காசயும் குடுத்தன். தந்த ஆள் என்னப் புளொக் பண்ணிட்டார். மிச்சத்தில ஒண்ட பிளேடால வெட்டிப் பாத்தன், அடியில தோலே இல்ல, அட்டையும் பஞ்சும் ரெக்சினும். அவுட்லெட் எண்ட சொல்ல மட்டும் நம்பாதீங்க, பெரிய பிராண்டுகள் அவுட்லெட்டுக்கெண்டே வேறயாச் செய்யிற சாமானும் இருக்கு, அந்தப் பேர வெச்சு ஆரும் எதையும் தலையில கட்டலாம். மாஸ்டர் கொப்பி (ஒரிஜினல் மாதிரியே செய்த போலி) எண்டு சொல்லித்தானே விக்கிறம், பிழையில்ல எண்டு சில பேர் சொல்றாங்க. பிழைதான். 2003ம் ஆண்டு 36ம் இலக்க புலமைச் சொத்துச் சட்டத்தில போலி வர்த்தகக் குறியோட சாமான் விக்கிறது குற்றம்.

காத்தான்குடியில இருந்து:
தங்கச்சி, வாசிச்சுப் போட்டு மனசு கஸ்டமாப் போச்சு. எனக்கு நடந்தது வேற. போன நோன்புப் பெருநாளைக்கு ஒரு புள்ள கேஸ் ஒன் டெலிவரியில மூணு சட்டை ஓடர் பண்ணிச்சு, பெருநாளைக்கு முதல் நாள் கூரியர்காரன் எடுத்தா போன் ஓஃப். சாமான் திரும்பி வரக்குள்ள பெருநாளும் முடிஞ்சுது, போற செலவு வாற செலவு ரெண்டும் என்ட தலையில. இப்ப டெலிவரிக் காச முதல்ல போட்டாத்தான் பார்சல் கட்டுவன். குறைஞ்ச பேர்தான் கோவிக்கிறாங்க.

அக்கரைப்பற்றில இருந்து:
நான் ஆம்பிளையள்ட சேர்ட் செய்யிறன் அக்கா. கட்டாக் கட்டி, பிரிக்க விடாமக் குடுத்த லொட் ஒண்டு எடுத்தன், 60 சேர்ட். வீட்ட வந்து பிரிச்சா 17ல ஒரு கை மற்றக் கைய விட அரை அங்குலம் நீளம். டைலர் நானாட்டக் குடுத்து சரி பண்ணி, பிழையச் சொல்லியே விலையக் குறைச்சு வித்தன், முதல் வந்துட்டு. கட்டப் பிரிச்சுக் காட்டாதவனிட்ட இனி எடுக்கிறதில்ல.

கல்லடி, திரும்பவும் நான்:
ராத்தா, நானும் இனி அப்பிடித்தான் செய்யப் போறன். தம்பி, நீங்க சொன்னது நூறு வீதம் சரி, நான் இப்ப ஒவ்வொரு உருப்படியயும் வெளிச்சத்தில பிடிச்சு, கக்கம், சிப், பொத்தான் எல்லாம் பாத்துத்தான் எடுக்கிறன். கார்த்திகை மார்கழி மழைக்கு கனக்க ஸ்டொக் வைக்காதீங்க, எங்கட பக்கத்து ஈரத்துக்கு தோல் சாமான்ல பூஞ்சணம் பிடிக்கும், ரெக்சின் உரிஞ்சு வரும்.

வீட்டில இருந்தே செய்யலாமா எண்டு கேட்ட தங்கச்சிக்கு: தாராளமாச் செய்யலாம். யாவாரப் பேரப் பதிய உங்கட பிரதேச செயலகத்தில போம் எடுங்க, முதல்ல கிராம சேவகரப் போய்க் காணுங்க, ஐடென்டிட்டிக் கார்ட் கொப்பியக் கையோட கொண்டு போங்க. நான் மண்முனை வடக்கில பதிஞ்சனான். பமுணுவ போறதெண்டாச் சொல்லுங்க, அடுத்த மாசம் நான் போகக்குள்ள ஒண்டாப் போவம்.