ரங்கூன் பிள்ளைங்க போன்ல தமிழ் கீபோர்டு: உங்க அனுபவத்தையும் சொல்லுங்க

நம்ம பிள்ளைங்க போன்ல பர்மீஸ், இங்கிலீஷ் ரெண்டு கீபோர்டும் இருக்கும், தமிழ் மட்டும் இருக்காது. கோயில்ல லீவு கிளாஸுக்குப் போயி தமிழ் எழுத்து படிச்ச பிள்ளைங்க கூட வீட்டுக்கு மெசேஜ் போடுறது இங்கிலீஷ் எழுத்துலதான், எனக்கு மனசு கேக்கல, அதான் எங்க அக்கா மக ஐபோன்ல தமிழ்99ங்கிற கீபோர்டு போட்டுக் குடுத்தேன், தனியா எதுவும் இறக்க வேணாம், செட்டிங்ஸ்லயே இருக்கு. இடது கைப் பக்கம் உயிரெழுத்து, வலது பக்கம் மெய். அம்மான்னு அடிக்க அ, ம, ம, ஆ, நாலு தட்டுதான், ரெண்டாவது ம தட்டுனதும் முதல் ம மேல புள்ளி விழுந்துடும். "மாமா, புள்ளி அதுவா வருது!"ன்னு பிள்ளை அக்கா, அப்பா, பாப்பான்னு அடிச்சுக்கிட்டே இருந்துச்சு. 1999ல சென்னையில நடந்த தமிழ்நெட் மாநாட்டை ஒட்டி வந்த அமைப்பு இது, நல்லா யோசிச்சு செஞ்சிருக்காங்க.

மோல்மீன்காரன்:
நல்ல காரியம் தம்பி. நான் அந்தக் காலத்துல தமிழ் டைப்ரைட்டர்ல அடிச்சவன். 'கொ'ங்கிற எழுத்தை அடிக்க முதல்ல கொம்பு, அப்புறம் க, அப்புறம் கால், கண்ணுல தெரியுற வரிசைதான். இப்ப க, ஒ, ரெண்டே தட்டு. பர்மீஸ்லயும் ஸோஜிங்கிற பழைய எழுத்துரு இருந்தப்ப இடது பக்கத்து குறியைத்தான் முதல்ல அடிப்போம், எல்லா போனுக்கும் பொதுவான யூனிகோடு முறையில உள்ளுக்குள்ள சேமிக்கிற வரிசையே வேற, அதனால ஒரு போன்ல அடிச்சது இன்னொரு போன்ல உடைஞ்சு உடைஞ்சு தெரியும். 2019 அக்டோபர் 1ல நாடே யூனிகோடுக்கு மாறுச்சு. அதுக்கு முன்னாடியும் நம்ம யூனிகோடு தமிழுக்கு ஒண்ணும் ஆகல, ஏன்னா ஸோஜி கை வச்சது யூனிகோடுல பர்மா எழுத்துக்கு ஒதுக்குன இடத்துலதான், அதுல மோன், ஷான், கரேன் மக்களோட எழுத்துக்கு இருந்த இடமும் போச்சு, அவங்க பட்ட பாடு பெரும்பாடு.

பகோ அக்கா:
ஆண்ட்ராய்டு வச்சிருக்கவங்க செல்லினம்ங்கிற கீபோர்டு ஆப் போட்டுக்கங்க, அதுல தமிழ்99 இருக்கு. எங்க வீட்டுல மாமியாருக்குப் போட்டுக் குடுத்தேன், எழுத்து பெருசா தெரியுறதுக்கு போனைப் படுக்க வச்சு ஒத்த விரலால தட்டுவாங்க, இப்ப ஊருல இருக்க தங்கச்சிக்கு தினம் அவங்களே எழுதுறாங்க. பூமி உருண்டை கீயை தட்டுனா பர்மீஸ்ல இருந்து தமிழுக்கு மாறிடும்னு மட்டும் மறக்காம காட்டிக் குடுங்க, பெரியவங்க அங்கதான் திணறுறாங்க.