மஃபின் மேல் இருக்கும் அந்த மூன்று ப்ளூபெர்ரி

கொள்ளிடத்தான்:
உணவையும் விலங்கையும் கலந்த படங்களைப் பற்றி நேற்று ஒருவர் இங்கே எழுதியதைப் படித்ததிலிருந்து எரிச்சல் அடங்கவில்லை. 'சிவாவா நாயா, மஃபினா' படம் முழுக்க போட்டோஷாப் வேலையாம். 2016 மார்ச்சில் கேரன் ஜாக் ட்விட்டரில் போட்டது அது. 16 கட்டம், சிலவற்றில் நாய் முகம், சிலவற்றில் ப்ளூபெர்ரி மஃபின். தனித்தனிப் படங்களைப் பக்கத்தில் பக்கத்தில் அடுக்கினார், அவ்வளவுதான். ஒன்றை இன்னொன்றோடு ஒட்டவே இல்லை.

ஸ்டூடியோ ரவி:
எழுதியது நான்தான். 'ஒருவர்' என்று ஏன் சுற்றி வளைக்கிறீர்கள்? 19 வருடமாகக் கல்யாண ஆல்பத்துக்கு வெட்டி ஒட்டுகிறவன் நான். அந்த மஃபின்களைப் பாருங்கள். மேலே இரண்டு பழம், கீழே ஒன்று. இரண்டு கண், ஒரு மூக்கு. அடுப்புக்கு நாய் முகம் தெரியுமா?

கொள்ளிடத்தான்:
ஆயிரம் மஃபின் படத்தைப் புரட்டினால் அப்படிச் சிலது கிடைக்கும்.

ஸ்டூடியோ ரவி:
ஒன்று கிடைக்கும். இத்தனை கிடைக்குமா? மூன்று பழம், சார். மூன்று.

மாலதி பேக்கரி:
தினமும் சுடுகிறவள் சொல்கிறேன். மாவோடு கலந்த பழம் பாதி அடியில் இறங்கிவிடும். ஊற்றிய மாவின் மேல் மூன்றைக் கையால் வைத்தால், வெந்த பிறகும் கிட்டத்தட்ட அங்கேயே இருக்கும்.

ஸ்டூடியோ ரவி:
கையால் வைத்தது என்று அவரே சொல்லிவிட்டார். அப்போது எடிட்தானே?

மாலதி பேக்கரி:
கேசரியில் முந்திரி வைப்பதும் எடிட்டா அண்ணா?

அகிலன்:
நிஜமாகவே கலந்த படங்களை எல்லோரும் விட்டுவிட்டீர்கள். சாரா டெரெமர் என்ற டிஜிட்டல் கலைஞர் விலங்கையும் உணவையும் ஒரே உடலாக்கி ஒரு வரிசையே செய்தார். அதற்கெல்லாம் முன்னால், 1566இல் ஆர்சிம்போல்டோ என்ற இத்தாலிய ஓவியர் மீன், நண்டு, சிப்பியை அடுக்கி ஒரு முகமே வரைந்தார். 'தண்ணீர்' என்று பெயர்.

ஸ்டூடியோ ரவி:
அகிலன், யாளி பற்றிப் பேசியபோதும் இதே இத்தாலிக்காரரை இழுத்து வந்து என் பதிலை மூழ்கடித்தீர்கள். நான் மறக்கவில்லை. தூரிகை வேறு, போட்டோஷாப்பில் வேண்டாத பகுதியை மறைக்கும் மாஸ்க் வேறு. ஒரு தவளை வயிற்றில் கிவிப் பழத்தின் உட்பக்கத்தை ஒட்ட எனக்கு ஒரு ராத்திரி போனது. வெளிச்சம் இரண்டிலும் ஒரே பக்கமிருந்து விழ வேண்டும். தோலின் ஈரம் பழத்தின் ஈரத்தோடு சேர வேண்டும். விளிம்பு கத்தரித்த மாதிரி தெரிந்தால் எல்லாம் வீண். போட்டோஷாப்பில் படத்தின் மேல் படம் அடுக்கும் லேயர் வந்ததே 1994இல், மூன்றாம் பதிப்பில்தான். அதற்கு முன்னால் இதைச் செய்தவர்கள் பட்ட பாடு உங்களுக்குத் தெரியுமா? 2021 ஜனவரியில் சொன்னதைப் படமாக்கும் ஏஐ டால்-ஈ வந்து, ஒரு வரி எழுதினால் அவகாடோ வடிவ நாற்காலி என்று ஆனது. அன்றைக்கே எங்கள் ராத்திரிகளுக்கு மதிப்புப் போய்விட்டது. அதனால்தான் கை வேலையைக் கை வேலை என்று சொல்கிறேன். அந்த மூன்று பழமும் கை வேலை.

கொள்ளிடத்தான்:
சரி. அதே கேரன் ஜாக் லாப்ரடூடுல் நாயையும் வறுத்த கோழியையும் இதே மாதிரி அடுக்கினார். அதில் ஏது ப்ளூபெர்ரி? அங்கே எதை ஒட்டினார்கள்?

ஸ்டூடியோ ரவி:
பேச்சை மாற்றாதீர்கள். கேட்டது மஃபின்.

கொள்ளிடத்தான்:
கோழிக்குப் பதில் வரட்டும்.

அகிலன்:
யாளிப் பேச்சில் நான் யாரையும் மூழ்கடிக்கவில்லை. ஒரே பதிலைப் பதினோரு தடவை போட்டவர் நீங்கள்.

ஸ்டூடியோ ரவி:
பதினொன்று இல்லை, ஆறு. அதுவும் யாரும் பதில் சொல்லாததால். இப்போதும் அதே கதைதான். மாலதிம்மா, கையால் வைக்காமல் 12 மஃபின் சுட்டுப் படம் போடுங்கள். எத்தனையில் முகம் வருகிறது என்று எண்ணிவிடலாம்.

மாலதி பேக்கரி:
ப்ளூபெர்ரி விலை தெரியுமா? காசு அனுப்புங்கள், சுடுகிறேன். அப்புறம் கேசரிக்கு இன்னும் பதில் வரவில்லை.