நடையின் உச்ச வேகம்: கணக்கில் வினாடிக்கு 3 மீட்டர், சாலையில் 4.35 மீட்டர். பிழை எங்கே?

கேள்வி
வணக்கம். பதினொன்றாம் வகுப்பில் வட்ட இயக்கத்துக்கு எடுத்துக்காட்டாக நடையைச் சொன்னேன். ஊன்றிய கால் மடங்காதிருந்தால், இடுப்பு பாதத்தை மையமாகக் கொண்ட வட்ட வில்லில் நகர்கிறது. தரையால் பாதத்தை மேல்நோக்கித் தள்ள முடியுமே தவிரப் பிடித்து இழுக்க முடியாது என்பதால், வில்லின் உச்சியில் மையநோக்கு முடுக்கம் (வேகத்தின் இருபடியை ஆரத்தால் வகுத்தால் கிடைப்பது) புவியீர்ப்பு முடுக்கமான 9.8-ஐத் தாண்டக் கூடாது. காலின் நீளம் 0.9 மீட்டர் எனில் உச்ச வேகம் வினாடிக்கு 2.97 மீட்டர். ஆனால் 2015-இல் ஜப்பானின் நோமி நகரில் யூசுகே சுசுகி 20 கிலோமீட்டர் நடைப்போட்டியை 1 மணி 16 நிமிடம் 36 வினாடியில், அதாவது சராசரியாக வினாடிக்கு 4.35 மீட்டர் வேகத்தில் முடித்தாரே என்று ஒரு மாணவி கேட்டாள். என்னிடம் விடை இல்லை.

மறுமொழி 1
அவருக்குக் கால் நீளமாக இருக்கலாம் அல்லவா?

கேட்டவர்
போட்டுப் பார்த்தேன், ஐயா. அந்த வேகத்துக்கு 1.93 மீட்டர் ஆரம் வேண்டும்; அது ஓர் ஆளின் முழு உயரம்.

மறுமொழி 2
உங்கள் கணக்கு சரி. ஆரம் காலின் நீளத்துக்குச் சமம் என்று கொண்டதே சிக்கல். ஊன்றிய கால் தரையைத் தொட்டதிலிருந்து செங்குத்தாகும்வரை முழங்கால் மடங்கக் கூடாது என்பது நடைப்போட்டி விதி. ஆகவே வீரர்கள் இடுப்பைக் கொண்டே சமாளிக்கிறார்கள்: ஊன்றிய கால் செங்குத்தாகும் நேரத்தில் மறுபக்க இடுப்பைத் தாழ்த்துவதால் உடலின் நிறை மையம் அவ்வளவாக மேலெழுவதில்லை, அதன் பாதை தட்டையாகி ஆரம் கூடுகிறது. பார்ப்பவர்களுக்குச் சிரிப்பு மூட்டும் அந்த ஆட்டம் முழுக்க இயற்பியல்தான்.

இதோடு முடியவில்லை. ஒரு பாதமாவது தரையில் இருக்க வேண்டும் என்ற விதியை நடுவர்கள் வெறுங்கண்ணால் மட்டுமே கவனிக்கிறார்கள். வேகமாகப் படமெடுத்து மெதுவாக ஓட்டினால், முன்னணி வீரர்கள் பலருடைய இரு பாதங்களும் நொடிப்பொழுது தரையை விட்டிருப்பது தெரியும். அதாவது எல்லை ஓரளவு மீறவும் படுகிறது.

நம்மைப் போன்றவர்கள் வினாடிக்கு ஏறத்தாழ 2 மீட்டரிலேயே ஓடத் தொடங்கிவிடுகிறோம். நிலவில் ஈர்ப்பு முடுக்கம் 1.62 மட்டுமே என்பதால் நீங்கள் கணக்கிட்ட 2.97 மீட்டர் எல்லை அங்கே 1.2 மீட்டராகச் சுருங்குகிறது; அப்போலோ வீரர்கள் துள்ளிச் சென்றதற்கு விண்ணுடையோடு இதுவும் ஒரு காரணம்.

கேட்டவர்
மிக்க நன்றி. மாணவர்களின் இடுப்பில் வண்ணப் பொட்டு ஒட்டி, பக்கவாட்டில் கைபேசியால் படமெடுத்து வில்லின் ஆரத்தை அளக்கலாமா?

மறுமொழி 2
அளக்கலாம். கைபேசியை இடுப்பு உயரத்தில் அசையாமல் வையுங்கள். பின்னால் ஒரு மீட்டர் அளவுகோலும் தெரியட்டும்.