இலவசமாக வந்த மிக்ஸிக்கு ‘விளம்பரம்’ என்று போட வேண்டுமா?

கம்மங்கூழ்:
நான் 18,000 சந்தாதாரர்கள் கொண்ட சிறிய சமையல் சேனல் ஒன்றை நடத்துகிறேன். ஒரு நிறுவனம் ஏறத்தாழ 7,000 ரூபாய் மதிப்புள்ள மிக்ஸி ஒன்றை எனக்கு அனுப்பியது. பணம் எதுவும் தரவில்லை. இத்தொழிலில் ‘பார்ட்டர்’ என்பார்களே, அந்த வகைதான். ஆறு நிமிட வீடியோவில் ஒரு நிமிடம் அந்த மிக்ஸியைப் பற்றிப் பேசியிருக்கிறேன். சட்னி ஜாடியின் மூடி கசிவதையும் மறைக்கவில்லை. வீடியோவில் ‘விளம்பரம்’ என்ற எழுத்து தெரிந்தால் ரீச் விழுந்துவிடும், டிஸ்கிரிப்ஷனின் கடைசி வரியில் நிறுவனத்துக்கு நன்றி சொன்னால் போதும் என்கிறது இடையில் இருக்கும் ஏஜென்சி. என் கருத்தை யாரும் திருத்தாதபோது நான் எதை அறிவிக்க வேண்டும்?

நேர்பேச்சு:
மிக்ஸி இலவசமாக வந்தது என்பதைத்தான் அறிவிக்க வேண்டும். இந்திய விளம்பரத் தர நிர்ணயக் கவுன்சில் (ஆஸ்கி) 2021 ஜூனில் நடைமுறைக்குக் கொண்டுவந்த நெறிமுறை, பணத்தை மட்டுமல்லாமல் இலவசப் பொருள், தள்ளுபடி, பயணம், விடுதித் தங்கல், உறவுமுறை ஆகியவற்றையும் வணிகத் தொடர்பாகவே கொள்கிறது. உங்கள் மதிப்பீடு முழுக்க முழுக்க நடுநிலையானதாக இருந்தாலும், தொடர்பு இருந்தால் சொல்லியாக வேண்டும் என்று அதிலேயே உள்ளது. இரண்டு நிமிடத்துக்கு மேற்பட்ட வீடியோவில், பொருளைப் பற்றிப் பேசும் பகுதி முழுவதும் அந்த எழுத்து திரையில் நிற்க வேண்டும். நுகர்வோர் விவகாரத் துறை 2023 ஜனவரியில் வெளியிட்ட வழிகாட்டியும், டிஸ்கிரிப்ஷனில் மட்டும் போடுவது போதாது, வீடியோவுக்குள்ளேயே வர வேண்டும் என்கிறது. ஏஜென்சி சொல்வது தவறு. தவறினால் 10 லட்சம் ரூபாய் வரை ஆஸ்கி அபராதம் விதிக்கும்.

அச்சுக்கூடம்:
ஆஸ்கி 1985இல் விளம்பரத் துறையினரே அமைத்துக்கொண்ட சுயக் கட்டுப்பாட்டு அமைப்பு. அபராதம் விதிக்கும் அதிகாரம் அதற்குக் கிடையாது. நீங்கள் சொல்லும் 10 லட்சம், 2019ஆம் ஆண்டின் நுகர்வோர் பாதுகாப்புச் சட்டத்தின்கீழ், தவறாக வழிநடத்தும் விளம்பரங்களுக்காக மத்திய நுகர்வோர் பாதுகாப்பு ஆணையம் விதிக்கக்கூடியது. மூடி கசிகிறது என்று சொன்னவரை அந்தச் சட்டத்தைக் காட்டி மிரட்டுவது நியாயமன்று.

பல ஆண்டுகள் பத்திரிகை அலுவலகத்தில் வேலை பார்த்தவன் என்ற முறையில் கேட்கிறேன்: நூல் மதிப்புரைக்கு இலவசப் பிரதி வாங்காத இதழ் உண்டா? நிறுவனத்தின் செலவில் கார் ஓட்டிப் பார்த்துவிட்டு வந்து எழுதிய கட்டுரைகளுக்கு மேல் ‘விளம்பரம்’ என்று அச்சிட்டார்களா? ஊரெல்லாம் காலங்காலமாகச் செய்ததை, வீட்டுச் சமையலறையிலிருந்து ஒரு பெண் செய்யும்போது மட்டும் குற்றமாக்குகிறோம். நேர்மையாக எழுத்தைப் போடுபவருக்கு ரீச் குறையும்; போடாமல் முழுப் பொய் சொல்பவர் அடுத்த ஒப்பந்தத்தை வாங்கிப் போய்விடுவார்.

நேர்பேச்சு:
அபராதம் பற்றிய பிழையை ஒப்புக்கொள்கிறேன். ஆனால் நூல் மதிப்புரைக்குப் பிரதி இலவசமாக வரும் என்பது வாசகர் பலருக்கும் தெரிந்த வழக்கம். இந்த மிக்ஸி எப்படி வந்தது என்பது, அதைப் பார்த்துவிட்டுக் கடைக்குப் போகிறவருக்குத் தெரியாது. கார்க் கட்டுரைகளைப் பொறுத்தவரை, அவர்களும் சொல்லியிருக்க வேண்டும் என்பதே என் பதில்.

கணக்குப்பிள்ளை:
வரிக் கணக்கு எழுதிப் பிழைப்பவன் நான். இரு தரப்பும் தொடாத ஓர் இடத்தைக் காட்டுகிறேன். 1961ஆம் ஆண்டின் வருமான வரிச் சட்டத்தில் 194ஆர் என்ற பிரிவு 2022 ஜூலையில் நடைமுறைக்கு வந்தது. தொழில் தொடர்பாக ஒருவர் ஓராண்டில் தரும் நன்மைகளின் மதிப்பு 20,000 ரூபாயைத் தாண்டினால், கொடுப்பவர் 10 சதவீத வரியைப் பிடித்துக் கட்ட வேண்டும். அப்போது மத்திய நேரடி வரிகள் வாரியம் வெளியிட்ட சுற்றறிக்கை சமூக ஊடகக்காரர்களையே எடுத்துக்காட்டாகச் சொன்னது: பொருளைப் பயன்படுத்திவிட்டுத் திருப்பிக் கொடுத்தால் அது நன்மையாகாது, வைத்துக்கொண்டால் ஆகும். உங்கள் மிக்ஸி அந்த வரம்புக்குள் அடங்கிவிடுவதால் பிடித்தம் இராது. ஆயினும் அது தொழில் வருமானமே. கணக்கில் வருமானமாக எழுத வேண்டிய பொருளைப் பார்வையாளரிடம் மட்டும் ‘சும்மா அனுப்பினார்கள்’ என்று எப்படிச் சொல்வது?

அச்சுக்கூடம்:
இது வலுவான வாதம்தான். இருந்தாலும் அந்த ஒற்றைச் சொல் எதைத் தெரிவிக்கிறது? கிம் கர்தாஷியன் 2021இல் ஒரு கிரிப்டோ நாணயத்தைப் பற்றி இன்ஸ்டாகிராமில் இட்ட பதிவில் விளம்பரம் என்ற குறிப்பு இருந்தது. அப்படியிருந்தும், அதற்காகப் பெற்ற 2,50,000 டாலரைச் சொல்லவில்லை என்று அமெரிக்கப் பங்குச் சந்தை ஆணையம் நடவடிக்கை எடுத்து, 2022இல் அவர் 12.6 லட்சம் டாலர் கட்ட ஒப்புக்கொண்டார். அதாவது, குறிப்பைப் போட்டுவிட்டு முக்கியமானதை மறைக்கவும் முடியும். இங்கே மூன்று லட்சம் வாங்கியவருக்கும் மூடி கசியும் மிக்ஸி வாங்கியவருக்கும் ஒரே முத்திரை என்பதுதான் என் மனக்குறை.

நேர்பேச்சு:
அது அந்நாட்டின் முதலீட்டுச் சட்டம் கேட்டது; மிக்ஸிக்குத் தொகையைச் சொல்ல இங்கே கட்டாயமில்லை. உங்கள் குறைக்கு வழியும் இருக்கிறது. ஆஸ்கி ஏற்கும் சொற்களில் ‘இலவசப் பரிசு’ என்பதும் ஒன்று. எழுத்தோடு நிற்காமல், “இது நிறுவனம் இலவசமாகக் கொடுத்தது, பணம் வாங்கவில்லை” என்று வாயாலும் சொல்லிவிட்டால் இருவருக்கும் ஒரே முத்திரை என்ற பேச்சே எழாது.

கம்மங்கூழ்:
அப்படியே சொல்லிப் பதிவு செய்துவிட்டேன்; அந்த ஒரு நிமிடமும் எழுத்து திரையில் இருக்கும். ஏஜென்சிக்கு வருத்தம், அடுத்த பொருள் வருமா என்று தெரியவில்லை. இதே வீடியோவிலிருந்து 40 விநாடி ஷார்ட்ஸ் ஒன்றும் வெட்டியிருக்கிறேன். அதற்கும் இதே கணக்குதானா?

நேர்பேச்சு:
15 விநாடிக்கு மேல், இரண்டு நிமிடத்துக்குள் என்றால், மொத்த நீளத்தில் மூன்றில் ஒரு பங்கு நேரம் எழுத்து இருக்க வேண்டும். உங்களுக்கு 14 விநாடி என்று வைத்துக்கொள்ளுங்கள். தொடக்கத்திலேயே போட்டுவிடுங்கள், பலர் கடைசிவரை பார்ப்பதில்லை.